ஃபிலிப் கிளாஸ்: டாக்ஸி ஓட்டியவரா, பியானோ கலைஞரா? 'ஓபனிங்'கில் மாட்டிக்கொண்டவனின் சந்தேகம்

இடதுகை தகராறு கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். நாற்பது வயதுக்கு மேல் பியானோ கற்றுக்கொள்ள ஆரம்பித்தவன் நான். மூன்று வருடம் ஆகிறது. அதில் கடைசி எட்டு மாதமாக அமெரிக்க இசையமைப்பாளர் ஃபிலிப் கிளாஸின் 'ஓபனிங்' என்ற ஒரே உருப்படியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். 1982இல் வந்த 'கிளாஸ்வொர்க்ஸ்' இசைத்தட்டில் முதலில் வருவது. தாளைப் பார்த்தால் குழந்தைகூட வாசித்துவிடும் போலத் தெரியும். வலது கையில் மூன்று மூன்றாகப் போகும், அதே நேரத்துக்குள் இடது கையில் இரண்டு இரண்டாகப் போகும். அவ்வளவுதான். தனித்தனியாக விட்டால் இரண்டு கையும் சொன்னபடி கேட்கிறது. சேர்த்தால் போதும், இடது கை மாமியார் வீட்டுக்கு வந்த புது மாப்பிள்ளை மாதிரி முறுக்கிக்கொள்கிறது.

வீட்டில் கேலி வேறு. "அப்பா, ரெக்கார்டுல கீறல் விழுந்துடுச்சா?" என்று மகள் கதவைத் தட்டிக் கேட்கிறாள். வாசிப்பது சரியாக வந்தாலும் அப்படித்தான் கேட்கும் என்று அவளுக்கு விளக்குவதற்குள் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

போன வாரம் மேற்கத்திய இசை தெரிந்த நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். சிரித்தார். "அந்த ஆள் பியானோ கலைஞரே கிடையாது. 41 வயது வரை நியூயார்க்கில் டாக்ஸி ஓட்டினவர், குழாய் மாட்டினவர். ஒரே வரியைத் திருப்பித் திருப்பி எழுதிப் பெரிய ஆள் ஆகிவிட்டார்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. எட்டு மாத உழைப்பாயிற்றே.

டாக்ஸி கதை உண்மையா? அவர் நிஜமாகவே பியானோ வாசிக்கத் தெரிந்தவரா? அப்புறம், சின்ன வயதில் கொஞ்ச நாள் பாட்டு வகுப்புக்குப் போனவன் என்பதால் கேட்கிறேன், இவர் இசையில் நம் ஊர்த் தாளக் கணக்கு மாதிரி ஏதோ ஒன்று இருப்பதாக எனக்கு மட்டும்தான் தோன்றுகிறதா?

---

அரைஇடம் பதில்:

டாக்ஸி உண்மை. குழாய் வேலையும் உண்மை. உங்கள் நண்பர் அதை வசையாகச் சொன்னார் பாருங்கள், அங்கேதான் தப்பு.

நான் மிருதங்கக்காரன். மேற்கத்திய இசை எனக்குக் கேள்வி ஞானம்தான். கிளாஸிடம் நான் போய்ச் சேர்ந்ததே தபலா வழியாக, தபலா மேதை அல்லா ரக்காவைத் துரத்திக்கொண்டு போனபோது. அதனால் உங்கள் கடைசிக் கேள்வியைத்தான் முதலில் எடுத்துக்கொள்வேன், மன்னிக்கவும்.

முன்கதை சுருக்கமாக. 1937இல் பால்டிமோரில் பிறந்தவர். அப்பா ரெக்கார்டுக் கடை வைத்திருந்தார். விற்காமல் தேங்கிப்போன தட்டுகளை வீட்டுக்கு எடுத்துவந்து, இது ஏன் விலைபோகவில்லை என்று கண்டுபிடிக்கப் போட்டுக் கேட்டுக் கேட்டே நவீன இசைக்கு ரசிகராகிப்போன மனிதர் அவர். (எனக்கு மகனைவிட இந்த அப்பாவை ஒரு படி கூடுதலாகப் பிடிக்கும்.) மகன் 15 வயதில் சிகாகோ பல்கலைக்கழகத்துக்குப் போய்க் கணிதமும் தத்துவமும் படித்தார். பிறகு நியூயார்க்கில் ஜூலியார்ட் இசைக்கல்லூரி. 1964இல் ஃபுல்பிரைட் உதவித்தொகையில் பாரிஸ் போய் நாடியா பூலாஞ்சே என்ற பெயர்பெற்ற இசை ஆசிரியையிடம் இரண்டு வருடம். அதாவது டாக்ஸியிலிருந்து இசைக்கு வந்தவர் இல்லை இவர். இசையைக் கரைத்துக் குடித்துவிட்டு டாக்ஸிக்குப் போனவர்.

பாரிஸில்தான் நம் கதை. சிதார் கலைஞர் ரவிசங்கர் ஒரு படத்துக்கு இசை அமைக்க அங்கே வந்திருந்தார். வாசிக்கப்போவது பிரெஞ்சுக் கலைஞர்கள். அவர்களுக்குத் தாளில் எழுதிக் கொடுத்தால்தான் ஓடும். எழுதித் தரும் வேலை கிளாஸுக்கு. ரவிசங்கர் பாடிக் காட்டுவார், இவர் எழுதுவார். எழுதியதைக் கலைஞர்கள் வாசித்தால் பக்கத்தில் இருந்த அல்லா ரக்கா தலையை ஆட்டுகிறார். அழுத்தம் தப்பான இடத்தில் விழுகிறது. எங்கே தப்பு? மேற்கத்திய முறையில் இத்தனை அட்சரத்துக்கு ஒரு கோடு என்று நிறுத்திக் கோடு போடுவார்கள். கோட்டுக்கு அடுத்து வருகிற சுரத்தில் கை தானாக அழுத்திவிடும், அது அவர்கள் பழக்கம். இவர் கோட்டை இங்கே நகர்த்தினார், அங்கே நகர்த்தினார். எங்கே போட்டாலும் தப்பு. எல்லா சுரமும் சமம் என்பதையே அல்லா ரக்கா திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். கடைசியில் கடுப்பில் எல்லாக் கோட்டையும் அழித்துவிட்டார் கிளாஸ். அழித்த பிறகுதான் தாளில் இருந்தது கண்ணில் பட்டது. இரண்டும் மூன்றுமாகக் கோத்த ஒரு சரம், அது சுற்றி வந்து சேருகிற ஒரு பெரிய வட்டம்.

நமக்கு இது பால்வாடிப் பாடம். தக என்றால் இரண்டு, தகிட என்றால் மூன்று. அவருக்கு அது தலைகீழ் மாற்றம். நியூயார்க் திரும்பிய பிறகு அல்லா ரக்காவிடமே தபலா பாடமும் கேட்டுக்கொண்டார். 1968இல் '1+1' என்று ஒன்று எழுதினார், வாத்தியமே கிடையாது. ஒரு மேசை, அதில் ஒலிவாங்கியைப் பொருத்தி, ஒரே ஆள் விரலால் தட்டுவது. இரண்டே இரண்டு குட்டிச் சொற்கட்டுகளை விதவிதமாகக் கோத்துக்கொண்டே போக வேண்டும். பள்ளிக்கூட பெஞ்சில் தட்டி வாத்தியாரிடம் அடி வாங்கியவர்கள் எல்லோரும் இதை ஏற்கெனவே அரங்கேற்றியவர்கள்தான்.

அவர் ஆரம்பகால இசையின் வழி இப்படி இருக்கும் (இது நான் சும்மா எழுதிக் காட்டுவது, அவர் எழுதியது இல்லை):

தக தகிட
தக தகிட தக
தக தகிட தக தகிட
தக தகிட தக

ஒன்று கூடும், ஒன்று குறையும். பார்த்ததும் நமக்கு யதி, கோர்வை என்று சொற்கட்டுகளைக் கணக்காக அடுக்குவதெல்லாம் ஞாபகம் வரும். ஆனால் அங்கேதான் பெரிய வித்தியாசம். நான் ஒரு கோர்வை வைத்தால் அது எங்கேயோ போய் இறங்கியாக வேண்டும். தாளம் தொடங்கும் சமத்திலோ, பாட்டு தொடங்கும் எடுப்பிலோ விழாவிட்டால் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவர் அடுத்த நாள் வரை மறக்க மாட்டார். கிளாஸுக்கு இறங்க வேண்டிய கட்டாயம் கிடையாது. போய்க்கொண்டே இருக்கும், திடீரென்று நிற்கும். முதல் தடவை கேட்டபோது எனக்குப் படியில் கால் வைக்கப்போய்ப் படி இல்லாத மாதிரி இருந்தது. இப்போதும் அது எனக்கு முழுசாகப் பிடிக்கிறது என்று சொல்ல மாட்டேன்.

உங்கள் இடது கைக்கு வைத்தியம்: பியானோவைத் தொடாதீர்கள். வலது கையால் தொடையில் 'தகிட' தட்டுங்கள். இடது கையின் முதல் தட்டு 'த'வோடு சேர்ந்து விழும். இரண்டாவது தட்டு 'கி'க்கும் 'ட'வுக்கும் சரியாக நடுவில் விழ வேண்டும். 'கி'யோடு ஒட்டினாலும் தப்பு, 'ட'வோடு ஒட்டினாலும் தப்பு. வாயால் சொல்லிக்கொண்டே தட்டுங்கள். வாய் நிற்கக் கூடாது.

---

ஐந்தொகை பதில்:

அரைஇடம் சார் தாளத்தைப் பார்த்துக்கொண்டார். நான் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன், அதனால் பணத்தைப் பார்க்கிறேன்.

டாக்ஸி ஓட்டிய மேதை என்ற கதை கேட்க நன்றாக இருக்கிறது. அதில் ஒரு வரி எப்போதும் விடுபடும்: வாடகை. 1967இல் அவர் நியூயார்க் திரும்பியபோது மன்ஹாட்டனின் கீழ்ப்பகுதியில் பழைய தொழிற்கூடக் கட்டடங்கள் காலியாகக் கிடந்தன. ஓவியர்கள், சிற்பிகள், நடனக்காரர்கள் எல்லோரும் அங்கேதான் குடியேறினார்கள். 1975இல் நகராட்சியே திவாலாகும் நிலைக்கு வந்த ஊர் அது. வாரத்தில் சில நாள் கைவேலை செய்தால் மிச்ச நாள் இசை எழுதலாம் என்ற கணக்கு அந்த ஊரில், அந்தக் காலத்தில் கட்டுபடியானது. இன்று அதே தெருவில் டாக்ஸி ஓட்டிக்கொண்டு இசையமைத்துப் பாருங்கள். மேதைமையை நான் மறுக்கவில்லை. முதலீட்டுப் பக்கத்தில் வாடகையையும் எழுதுங்கள் என்கிறேன்.

சரி, செலவுப் பக்கம். நாடக இயக்குநர் ராபர்ட் வில்சனோடு சேர்ந்து செய்த 'ஐன்ஸ்டைன் ஆன் த பீச்' ஓபரா 1976 ஜூலையில் பிரான்சின் அவிஞ்யோனில் அரங்கேறியது. ஏறக்குறைய ஐந்து மணி நேரம், இடைவேளை கிடையாது, பார்ப்பவர்கள் விருப்பம்போல எழுந்து போய் வரலாம். நவம்பரில் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபரா அரங்கில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள். இரண்டு நாளும் டிக்கெட் மிச்சமில்லை. முடிவில் கையில் இருந்தது கடன், அதுவும் பெருங்கடன். அரங்கம் நிறைந்தால் லாபம் என்று நினைப்பது ஓபரா கணக்கு தெரியாதவர்கள் பேச்சு. அத்தனை பேரையும் அத்தனை சாமானையும் மேடையேற்றும் செலவுக்கு முன்னால் டிக்கெட் பணம் யானைப் பசிக்குச் சோளப்பொரி.

ஆகவே மறுபடியும் டாக்ஸி. ஒரு பெண்மணி வண்டியில் ஏறி, முன்னால் மாட்டியிருந்த ஓட்டுநர் அட்டையில் பெயரைப் படித்துவிட்டு, தம்பி, உன் பெயரில் ஒரு பிரபல இசையமைப்பாளர் இருக்கிறார் தெரியுமா என்ற மாதிரி கேட்டாராம். அவரே பேட்டிகளில் சிரித்துக்கொண்டு சொன்ன கதை. இன்னொன்று: ஒரு வீட்டில் பாத்திரம் கழுவும் இயந்திரத்தைப் பொருத்திக்கொண்டிருந்தபோது வீட்டுக்காரர் வந்து பார்த்து வெலவெலத்துப் போனார். அவர் 'டைம்' பத்திரிகையின் கலை விமர்சகர் ராபர்ட் ஹியூஸ். நீங்கள் கலைஞர் ஆயிற்றே என்று அவர் பதற, கலைஞன்தான், சில நேரம் பிளம்பரும்கூட, என்னை வேலையை முடிக்க விடுங்கள் என்று இவர் சொல்லியிருக்கிறார். எனக்கு இதில் பிடித்தது அந்தக் கடைசி வாக்கியம். வேலை முடியாமல் கூலி கிடையாதே.

1978வாக்கில் ராட்டர்டாமிலிருந்து அடுத்த ஓபராவுக்கு அழைப்பு வந்த பிறகுதான் டாக்ஸியை விட்டார். உங்கள் நண்பர் சொன்ன 41 வயது சரி.

இப்போது நான் உண்மையில் மெச்சுகிற விஷயம். கைவேலை செய்த காலம் முழுக்க அவர் தன் இசையின் உரிமையை யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை. 1968இல் சொந்தக் குழு அமைத்தார். மின்சார ஆர்கன், சாக்ஸபோன், புல்லாங்குழல், எல்லாவற்றையும் ஒலிபெருக்கி வழியே காதைப் பிளக்கும் சத்தத்தில் வாசித்தார்கள். அப்போதெல்லாம் அந்தக் குழுவுக்கு எழுதியதை வெளியாட்களுக்கு வாசிக்கக் கொடுக்க மாட்டார். கேட்க ஆசையா, எங்களைக் கூப்பிடுங்கள். பதிப்பகமும் சொந்தம். இன்று எந்த மூலையில் யார் 'ஓபனிங்' கச்சேரியில் வாசித்தாலும் காசு சரியான இடத்துக்குப் போகிறது. பிழைக்கத் தெரிந்த கலைஞர் என்றால் சிலருக்கு முகம் சுளிக்கும். எனக்குச் சுளிக்காது.

ஒரு குறையும் சொல்லிவிடுகிறேன். 90களுக்குப் பிறகு எழுதிய சினிமா இசையில் பாதியைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் எது எந்தப் படம் என்று எனக்குப் பிரித்துச் சொல்ல வராது. ஆஸ்கருக்கு மூன்று தடவை பரிந்துரை ஆனது, ஒரு தடவையும் கிடைக்கவில்லை. அதில் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை.

---

இடதுகை தகராறு எழுதியது:

ஐந்தொகை சார், 'த ஹவர்ஸ்' படத்தில் இவர் இசையைக் கேட்டுவிட்டுத்தான் நான் பியானோ வகுப்பிலேயே சேர்ந்தேன். அதை மட்டும் விட்டுவிடுங்களேன், ப்ளீஸ்.

அரைஇடம் சார், தொடையில் தட்டிப் பார்த்தேன். 'கி'க்கும் 'ட'வுக்கும் நடுவில் ஒரு இடம் இருப்பதே இத்தனை நாள் எனக்குத் தெரியாது. இன்னும் அங்கே போய்ச் சேரவில்லை, முகவரி மட்டும் கிடைத்திருக்கிறது.

---

நடு சி பதில்:

பியானோ டீச்சர் வந்துவிட்டேன், பின்வரிசையில் பேச்சு போதும்.

அவர் பியானோ கலைஞரா என்ற கேள்விக்கு நேரான பதில்: ஆமாம், ஆனால் ஹோரோவிட்ஸ் மாதிரி பெரிய பியானோ மேதை இல்லை. குழந்தையாக இருந்தபோது பீபாடி இசைப்பள்ளியில் அவர் கற்றது புல்லாங்குழல். மேடையில் பல வருடம் வாசித்தது மின்சார ஆர்கன். தனியாகப் பியானோ முன்னால் உட்கார்ந்து கச்சேரி செய்வது பின்னால் வந்தது. 1989இல் 'சோலோ பியானோ' என்று அவரே வாசித்த தட்டு வெளியானது. கேட்டுப் பாருங்கள். வழுவழுப்பு கிடையாது. வேகம் கொஞ்சம் முன்னே பின்னே போகும். ஆனால் எழுதியவர் கை அது, எங்கே மூச்சு விட வேண்டும் என்று அதற்குத் தெரியும்.

அந்தத் தட்டில் 'மேட் ரஷ்' என்று ஒன்று இருக்கிறது. 1979இல் தலாய் லாமா நியூயார்க்கில் முதன்முதலாகப் பொதுக்கூட்டத்தில் பேசினார், ஒரு பெரிய தேவாலயத்தில். எத்தனை மணிக்கு உள்ளே வருவார் என்று திட்டமாகத் தெரியவில்லை. அவர் வரும்வரை ஆர்கனில் ஏதாவது வாசித்துக்கொண்டிருக்க வேண்டும், வந்ததும் நிறுத்த வேண்டும். திருமண வீட்டில் முகூர்த்தத்துக்கு மாப்பிள்ளை வந்து சேரும்வரை நாதஸ்வரக்காரர் இழுத்துக்கொண்டிருப்பாரே, அதே வேலை. எவ்வளவு வேண்டுமானாலும் நீட்டலாம், எப்போது வேண்டுமானாலும் முடிக்கலாம் என்கிற மாதிரி எழுதினார். அதுதான் பிற்பாடு பியானோ உருப்படி ஆனது. திருப்பித் திருப்பி வாசிப்பதற்கு இப்படி ஒரு நடைமுறைப் பயனும் உண்டு என்று உங்கள் மகளிடம் சொல்லுங்கள்.

எட்யூடுகளைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். எட்யூட் என்றால் பயிற்சிப் பாடம். 90களின் தொடக்கத்தில், ஐம்பதைத் தாண்டிய வயதில், தன் வாசிப்பு போதாது என்று அவருக்கே பட்டிருக்கிறது. வேறு ஆசிரியரைத் தேடவில்லை. தன் கைக்கு எது வரவில்லையோ அதையே பாடமாக எழுதினார். எழுதிய பிறகு அதை வாசிக்கப் பழகினார். 2012இல் இருபதாவது முடிந்தபோது வயது 75. அடுத்த வருடம் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் இருபதும் சேர்ந்து முதல் தடவையாக மேடையேறின. முழுவதையும் அவரே வாசிக்கவில்லை, வேறு கலைஞர்களோடு பங்கிட்டுக்கொண்டார். தன்னால் எது முடியும் என்று தெரிந்துவைத்திருப்பதும் ஒரு தேர்ச்சிதான். இப்போது அதே எட்யூடுகளை மகி நமேகாவா, விக்கிங்குர் ஓலாஃப்ஸன் போன்ற பெரிய கைகள் வாசிக்கக் கேட்கும்போது வேறு இசையோ என்று தோன்றும்.

பூலாஞ்சேயைப் பற்றி அரைஇடம் சார் ஒரே வரியில் கடந்துவிட்டார், எனக்கு மனசு ஆறவில்லை. கிளாஸ் போய்ச் சேர்ந்தபோது அந்த அம்மாவுக்கு 77 வயது. ஜூலியார்டில் பட்டம் வாங்கிவந்த 27 வயது ஆளை அரிச்சுவடியில் உட்கார வைத்தார். ஒரு குரலுக்கு எதிரே ஒரு குரல், சுரத்துக்குச் சுரம், முதல் பாடத்திலிருந்து. வர்ணம் வரை முடித்துவிட்டு வந்தவனை மறுபடி சரளி வரிசை பாடச் சொன்ன மாதிரி. அவர் பொறுத்துக்கொண்டு இருந்தார்.

இப்போது உங்கள் 'ஓபனிங்'. நீங்கள் வாசிப்பதை நான் கேட்கவில்லை, ஆனால் மூன்று வருட மாணவர்கள் எல்லோரும் ஒரே தப்பைத்தான் செய்வார்கள். ஒவ்வொரு மூன்றின் முதல் சுரத்திலும் ஒரு குத்து வைப்பீர்கள், கணக்கு தப்பிவிடுமோ என்ற பயத்தில். அந்தக் குத்துதான் இடது கையை இழுத்துக் கீழே தள்ளுகிறது. அல்லா ரக்கா பாரிஸில் சொன்னது உங்களுக்கும்தான். மணிக்கட்டைத் தளர விட்டு, பாதி வேகத்தில், எல்லாவற்றையும் ஒரே கனத்தில் வாசியுங்கள். ரொம்பச் சலிப்பாக இருக்கும். ஒரு வாரம் சலித்துக்கொள்ளுங்கள்.

---

அரைஇடம் பதில்:

டீச்சரம்மா சொன்னால் சரிதான்.

ஒன்றை விட்டுவிட்டேன். ஐந்தொகை சார் சொன்ன அந்த ராட்டர்டாம் ஓபரா 'சத்யாகிரஹா'. 1980 செப்டம்பரில் அரங்கேறியது. காந்தியின் தென்னாப்பிரிக்க வருடங்கள்தான் கதை. பாடுவது முழுக்க சமஸ்கிருதம், பகவத் கீதை சுலோகங்கள். டச்சுக்காரர்கள் காசு கொடுத்து, அமெரிக்கர் எழுதி, காந்தி சமஸ்கிருதத்தில் பாடுகிறார். யோசித்துப் பார்த்தால் தலை சுற்றுகிறது.

கடைசிக் காட்சியின் முடிவில் பாடுவது காந்தி மட்டும். அவர் பாடுவது ஒரே ஏறுவரிசை. எட்டு சுரம், கீழிருந்து மேலே. பிறகு மறுபடி கீழிருந்து மேலே. ஏறக்குறைய முப்பது தடவை. இறங்குவதே கிடையாது. மேற்கத்தியர்கள் அதை ஃப்ரிஜியன் என்பார்கள். நமக்கு ஹனுமத்தோடி, எட்டாவது மேளகர்த்தா ராகம், அதன் ஆரோகணம். அவசரப்பட்டுத் தோடி என்று சொல்லிவிடாதீர்கள், சுரத்தை அசைத்துப் பாடும் கமகம் இல்லாமல் தோடி ஏது? காந்தாரம் அசையவே அசையாது, ஆணி அடித்த மாதிரி நிற்கும். முதல் பத்து தடவை எனக்குக் கை துறுதுறுவென்றது, யாராவது அந்த 'க'வை ஒரு ஆட்டு ஆட்டிவிடுங்களேன் என்று. இருபதாவது தடவை வந்தபோது கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்ன ஆனது என்று எனக்கே தெரியவில்லை. அன்றைக்கு நான் தாளம் போடவில்லை.

---

இடதுகை தகராறு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பன்னிரண்டு நாள் கழித்து எழுதுகிறேன்.

குத்து வைப்பது உண்மைதான் டீச்சர். கைபேசியில் பதிவு செய்து கேட்டேன், சுத்தியல் சத்தம் மாதிரி இருந்தது. குத்தை எடுத்ததும் கணக்கு கண்டபடி தப்பியது, நீங்கள் சொன்ன மாதிரியே. நேற்று இரவு முதல் நான்கு வரி மட்டும் இரண்டு கையும் ஒன்றாகப் போயின. அரை நிமிடம் இருக்கும். கவனித்தேன் என்று தெரிந்ததும் நின்றுவிட்டது.

மகள் இப்போது கீறல் ரெக்கார்டு என்று சொல்வதில்லை. காலையில் பல் தேய்க்கும்போது அவளையும் அறியாமல் 'தகிட தகிட' என்று போய்க்கொண்டிருந்தாள், வாயில் நுரையோடு. நான் வாசல் நிலையில் நின்று நடுவில் ஒரு தட்டு தட்டினேன். முறைத்தாள்.

நண்பரிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை. ஒரு சின்ன சந்தேகம் மட்டும்: இதில் பெடலை எங்கே விட வேண்டும்?

---

நடு சி பதில்:

இதுவரை பெடலில் காலை வைத்துக்கொண்டா வாசித்தீர்கள்? முதலில் காலை எடுங்கள்.